கருமாதி முடிந்த வீட்டுக்குப் போய் வந்தேன்

எனக்காக முழங்கால் போட்டு ஜெபித்தவர்களுக்கும், போகாதே என்று கையைப் பிடித்து இழுத்தவர்களுக்கும் ஆண்டவருடைய நாமத்தில் என் அன்பு. என்னதான் நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஆராதனை முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் வேகமாகப் பேசுகிறவள், எழுதுவதும் அப்படித்தான் இருக்கும். ஊரில் இருப்பவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று படிக்கும்போது புரியும்.

போன அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாட்ஸப்பில் சாந்தி அக்காவின் குரல் வந்திருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் என் அப்பா, அம்மா இருக்கும் குவார்ட்டர்ஸுக்கும் அக்காவுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். அக்காவுக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். இத்தனை வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"ஏத்தா வினோ, உங்கம்மாவுக்குச் சோறு எறங்கலத்தா. கஞ்சித் தண்ணிதேன். வயித்துக் கட்டி ஈரலுக்கும் போயிருச்சுங்குறாரு டாக்டரு. பொங்கலத் தாண்டாதாம். ஒன்னய வரச் சொல்லலத்தா. வந்துராத. சொல்லாம இருக்க மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வந்துராத, வந்துராத. அம்மா சாகக் கிடக்கிறாள், நான் போகக் கூடாது. ஏன் போகக் கூடாது என்றால், அந்த வீட்டில் நான் ஏற்கெனவே செத்துவிட்டேன்.

இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கருமாதி செய்தார்கள்.

எங்கள் ஊர் இப்போது இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு இருந்த இடத்தில் பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் மெஷின். நிலம் கொடுத்தவர்களில் என் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. பெர்மனண்ட் ஆனார், குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. "நெலம் போச்சு. மானத்த மட்டுந்தான் இன்னும் எடுக்கல" என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லுவார். என் அண்ணன் செந்தில் காண்ட்ராக்ட்டில் அதே மைன்ஸுக்குப் போனான். நான் இன்ஜினியரிங் படித்தேன். காலேஜில் ஜெபாவைப் பார்த்தேன். குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு காலனியில் அவர்கள் வீடு. அவருடைய அப்பாவும் மைன்ஸில் காண்ட்ராக்ட் கூலிதான். ஒரே பள்ளத்தில் ஒரே மண்ணை வெட்டிய இரண்டு வீட்டுப் பிள்ளைகள். ஆனால் அவர்கள் வீட்டுத் தண்ணீரை எங்கள் பெரியப்பா குடிக்க மாட்டார்.

ஒரு பிப்ரவரி மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். பதினாறாம் நாள் என் வீட்டில் பந்தல் போட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்கள். கண்ணீர் அஞ்சலி. செல்வி வினோதினி. என் காலேஜ் போட்டோ. தோற்றம் என்று நான் பிறந்த தேதி, மறைவு என்று என் கல்யாணத் தேதி. அண்ணன் மொட்டை போட்டுக்கொண்டான். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பந்தியில் உட்கார்ந்து வடை, பாயசத்தோடு சாப்பிட்டார்கள். அப்பா மட்டும் அன்றைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து எனக்கே அனுப்பினான். அம்மா தன் கையால் சோறு உருட்டிக் காக்காவுக்கு வைக்கிறாள். காக்கா வருகிறது, தின்கிறது. என் சோறு. கூட்டத்தில் யாரோ "வந்துடிச்சி, வந்துடிச்சி" என்று சந்தோஷமாகக் கத்துகிறார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடலூரில் நாங்கள் இருந்த வாடகை அறைக்கு அண்ணன் இரண்டு பேரோடு வந்தான். கேபிள் துண்டால் ஜெபாவை அடித்தார்கள். அவருக்கு இடது காது இன்றுவரை கேட்காது. தெருவில் கார் நின்றது. காருக்குள் அம்மா இருந்தாள். நான் ஜன்னல் வழியாக "அம்மா, சொல்லும்மா அவன்கிட்ட" என்று கத்தினேன். அம்மா என்னைப் பார்த்தாள். கார் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

ஜெபாவுக்கு இங்கே அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு பேரும் வந்தோம். வந்த பிறகும் மிரட்டல் நிற்கவில்லை. அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தோம். நேர்காணலில் அதிகாரி அந்த வீடியோவை நிறுத்தி, மாலை போட்ட படத்தைக் காட்டிக் கேட்டார்: "இது யார்?" நான்தான் என்றேன். மறுபடி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் கேட்கவில்லை. அடைக்கலம் கிடைத்தது. பிறகு கிரீன் கார்டும் வந்தது. என் கருமாதிதான் எனக்கு இந்த நாட்டில் இடம் வாங்கிக் கொடுத்தது. இதை அப்போது ஒரு கசப்பான வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

சரி, அக்டோபருக்கு வருகிறேன். வக்கீலம்மாவிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கே போனால் கொன்றுவிடுவார்கள் என்று நீங்கள் சத்தியம் செய்து இங்கே இருக்கிறீர்கள். இப்போது அங்கேயே டிக்கெட் போடுகிறீர்கள். திரும்பி வரும்போது கேட்பார்கள். கார்டே கேள்வியாகிவிடலாம். போகாதீர்கள்."

ஜெபாவுக்கு வேறு கேள்வி. "என்னப் போட்டு அடிச்சப்ப ஒங்கம்மா எங்க இருந்தாங்க?"

"கார்ல."

"கண்ணாடி?"

ஜெபா, கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

அப்போதுதான் உங்களிடம் ஜெபக்குறிப்பு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கூட்டங்களில் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். மறக்க மாட்டேன். ஒரு சகோதரி என் தலையைத் தடவி, "தாய்ப்பாசம் விடாதும்மா. பார்த்ததும் கட்டிக்கொள்வார்கள், பாரேன்" என்றார். நான் அதை அப்படியே நம்பினேன். நான் கேட்டதைச் சொல்கிறேன். ஆண்டவரே, அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் என்னை ஒரே ஒரு தடவை பாப்பா என்று கூப்பிட வேண்டும். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். ஆன்லைனில் ஆர்டர் போடுகிற மாதிரி நிறம், அளவு எல்லாம் குறித்துக் கொடுத்தேன். இந்த வார்த்தை, இந்த வாயிலிருந்து, இந்தக் கட்டிலில்.

நவம்பர் கடைசியில் போய் இறங்கினேன். குள்ளஞ்சாவடியில் என் மாமியார் வீட்டில் தங்கினேன். அத்தை விசுவாசி. ஜெபா காதில் ரத்தத்தோடு வந்து நின்ற நாளிலிருந்து அழுகிற பழக்கத்தை விட்டவர்.

"எம்புள்ள காதப் புடுங்கிகினாங்க. உன்ன முழுசா புடுங்கிக்குவாங்க. போவாதன்னா கேக்க மாட்ட?"

"ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் அத்தை."

"ஜெபம் பண்ணியா?"

"எல்லாரும் சேர்ந்து பண்ணோம் அத்தை. அங்க ஒரு மாசமா."

"போறதுக்குப் பண்ணியிருப்ப. திரும்பி வர்றதுக்கு எவளாவது பண்ணீங்களா?"

உண்மையிலேயே நான் அதைக் கேட்டிருக்கவில்லை. போக வேண்டும், பார்க்க வேண்டும், கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவே இல்லை. "சரி, போ. அத நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அத்தை அடுப்புப் பக்கமாக அப்படியே முழங்கால் போட்டார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை.

திட்டம் சாந்தி அக்காவுடையது. அண்ணன் அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். விடியற்காலை போனால் மத்தியானம்தான் வருவான். அப்பாவும் அதே ஷிப்ட். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது அக்காதான். வலிக்கு ஊசி போட கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். அன்றைக்கு அவரை வரவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்கு நான் மாஸ்க் போட்டுக்கொண்டு, ஒரு பையோடு நர்ஸ் மாதிரி உள்ளே போக வேண்டும்.

காலையிலிருந்து கொட்டுகிற மழை. வடலூர் தாண்டியதும் பஸ் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நல்லதுதான், தெருவில் ஆள் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இங்கேதான் நான் தவறினேன். நான் பெர்மனண்ட் ஆளின் மகள். என் அப்பாவுக்கு மழை என்றாலும் புயல் என்றாலும் ஷிப்ட் என்றால் ஷிப்ட்தான். முடிகிறவரை வீட்டுக்கு வர மாட்டார். காண்ட்ராக்ட் ஆளுக்கு அப்படி இல்லை. மழை வலுத்து மைன்ஸில் தண்ணீர் ஏறினால் முதலில் அவர்களைத்தான் வீட்டுக்குப் போ என்பார்கள். காண்ட்ராக்ட் கூலியின் மகனான ஜெபாவுக்கு இது தெரியும். அத்தைக்குத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. அந்த டவுன்ஷிப்பிலேயே வளர்ந்தும் தோன்றவில்லை.

வாசலில் நின்ற சாந்தி அக்கா என்னைப் பார்க்காத மாதிரியே, "உள்ள போங்க நர்ஸம்மா" என்றார்.

கட்டிலில் துணி மூட்டை கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மூட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் பார்த்தன. அம்மா. எதிர்ச் சுவரில் நான். காலேஜ் போட்டோ, பிளாஸ்டிக் மாலை, மேலே குட்டிச் சிவப்பு பல்பு. படத்தில் இருந்தவள் என்னைவிடப் பூசினாற்போல், சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்க்கை இறக்கினேன். "அம்மா" என்றேன்.

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் காத்திருந்தேன். இப்போது வரும், இதோ வரப்போகிறது என்று அவள் உதட்டையே பார்த்தேன். அவள் காலைத் தொட்டேன். இழுக்கத் தெம்பில்லாத காலை இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"உன்னப் பாக்கத்தாம்மா."

"பாத்துட்டல்ல."

அவ்வளவுதான். இவ்வளவு தூரம் பறந்து வந்ததற்கு அவ்வளவுதான். அழக்கூட எனக்கு நேரமில்லை. வாசலில் பைக் சத்தம். உடனே சாந்தி அக்காவின் குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி:

"என்னப்பா செந்திலு, ஷிப்டுக்குப் போகலயா? பெரியப்பாவயும் கூட்டிட்டு வாரீக?"

"மழக்கா. தண்ணி ஏறிடிச்சி. காண்ட்ராக்ட் ஆளுங்கள வூட்டுக்குப் போவ சொல்லிட்டானுங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "மூஞ்ச மூடு."

மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு பையைத் துழாவினேன். அண்ணன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். பின்னால் பெரியப்பா. அண்ணன் என்னைப் பார்த்து, "வணக்கம் சிஸ்டர். ஊசி போட்டாச்சிங்களா?" என்றான். அவ்வளவு மரியாதை. அவன் என்னிடம் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. தலையாட்டினேன். பையின் ஜிப்பை இழுத்தேன். அது மாட்டிக்கொண்டது. அவன் என் கையைப் பார்த்துவிட்டான். என் வலது சுண்டுவிரல் கோணல். சின்ன வயதில் அவன்தான் கதவை அறைந்து சாத்தி நசுக்கினான். தன் வேலையை அவனுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா?

போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். நிதானமாகத்தான் போட்டான். மூலையில் தேங்காய் உரிக்கிற கடப்பாரை சாய்ந்திருந்தது. எடுத்துக்கொண்டான்.

"நிமிர்டி."

மாஸ்க்கைப் பிடித்து இழுத்ததில் காது கிழிந்தது. பெரியப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வந்துட்டாளா. தேடிப் போவ வேணாம்னு அவளே வந்துட்டா பாரு" என்றார்.

வாய் திறந்து ஜெபம் பண்ண எனக்கு வரவில்லை. உங்களிடம் மறைக்க மாட்டேன். இயேசுவே என்றுகூட வரவில்லை. கடப்பாரையின் முனையில் ஒட்டியிருந்த தேங்காய் நாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார்ரா அங்க கத்திகினு?" அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"ம்மா, பாரு. ஒம்பொண்ணு வந்துகிறா. அமெரிக்காவுலேர்ந்து. ஒன்னப் பாக்க."

"எம்பொண்ணா." ஒரு விரலை மட்டும் தூக்கிச் சுவரைக் காட்டினாள். "எம்பொண்ணு அங்க இருக்கா."

"இன்னாம்மா வெளையாடறியா? கண்ணத் தெறந்து பாரு."

"நீ மொட்ட போட்டுகினியே, எதுக்குடா? பேனுக்கா?"

அண்ணன் கடப்பாரையைக் கை மாற்றிக்கொண்டான்.

"மாமா, நீங்க சொல்லுங்க." இது பெரியப்பாவைப் பார்த்து. "மூணு வாட்டி பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே. அது எந்தச் சாவுக்கு?"

"விசயா, அது வந்து..." என்று பெரியப்பா அம்மாவைப் பார்த்து இழுத்தார்.

"என் கையால சோறு உருட்டி வெச்சேன். காக்கா தின்னுச்சி. நீங்க தின்னீங்க. சனமே வந்து தின்னுட்டுக் கைய கழுவிகினு போச்சி. இப்ப அவ உசுரோட இருக்கறான்னா, நாம போட்டது பொய்ச் சோறா?"

"நம்ம மானத்த வாங்குனவம்மா இவ!"

"மானந்தான் அன்னிக்கே கழுவியாச்சேடா. நீ இப்ப அடி. நல்லா அடி. நாளைக்கு பேப்பர்காரன் இன்னா போடுவான்? தங்கச்சிய அடிச்சான்னு போடுவான். எந்தத் தங்கச்சின்னு கேப்பான். காலனிக்காரனக் கட்டிகினு அமெரிக்காவுல குடும்பம் நடத்தற தங்கச்சின்னு ஊர் பூரா தெரியும். நீ வெச்ச பேனர நீயே கிழிக்கற. கிழி. என் சாவுக்கு ஒரு பய வர மாட்டான்."

இவ்வளவையும் மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். என் முகத்தைப் பார்க்காமல், "எவளோ நர்சு போலக்குது. கதவத் தெற செந்திலு" என்றார்.

"பெரிப்பா!"

"தெறடா. செத்ததுக்கு ஒரு வாட்டிதான் பாயசம்."

அண்ணன் அசையவில்லை. அம்மாதான் மறுபடி பேசினாள். இந்த முறை என் பக்கம் முகத்தைத் திருப்பி, நேராகப் பார்த்து:

"ஏம்மா நர்சு, ஊசி போட்டாச்சில்ல? கெளம்பு. நாளையிலேர்ந்து வேற ஆள அனுப்பச் சொல்லு. உன் கை நல்லால்ல."

அண்ணன் தாழ்ப்பாளை விலக்கினான். நான் அவனைத் தாண்டும்போது என் முகத்தில் துப்பினான். வாசற்படி இறங்கும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "அவ நின்ன எடத்துல தண்ணி ஊத்தி உடு." சளார் என்று வாளித் தண்ணீர் தரையில் விழுந்த சத்தமும் கேட்டது.

வேப்ப மரத்தடியில் நின்று மழையில் முகத்தைக் கழுவினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் காது ரத்தத்தைப் பார்த்து எழுந்து வேறு இடம் போய்விட்டார்கள். குள்ளஞ்சாவடி வரும்வரை ஆண்டவரோடு சண்டை போட்டேன். நான் கேட்டது ஒரு வார்த்தை. நீர் கொடுத்தது எச்சில். இதற்கா ஒரு மாதம் பட்டினி கிடந்தோம்? உமக்குக் காது கேட்காதா, ஜெபாவின் காது மாதிரி? இதை அப்படியே எழுதுகிறேன். சாட்சி என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் அடுப்புச் சாம்பல் ஒட்டியிருந்தது. என் காதில் ரத்தத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சொன்னா ஒங்கம்மா?"

"நான் யாருன்னே தெரியாதுன்னுட்டாங்க அத்தை." சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். நடந்ததை எல்லாம் கொட்டினேன். அத்தை முழுவதும் கேட்டார். பிறகு குனிந்து என் தாடையைப் பிடித்தார்.

"உசுரோட வந்தியா?"

"வந்தேன்."

"அப்ப இன்னாத்துக்கு அழுவற? நான் கேட்டது இதத்தான்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. அன்று பதில் வந்தது என் ஜெபத்துக்கு இல்லை, அத்தையின் ஜெபத்துக்கு. நானும் நீங்களும் ஒரு மாதம் கேட்டது கிடைக்கவில்லை. அடுப்படியில் ஒருத்தி ஒரு காலைப்பொழுது கேட்டது கிடைத்தது. அம்மா மட்டும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டிருந்தால்? நினைத்துப் பாருங்கள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருந்தால் நான் மகள். தங்கை. உயிரோடு இருக்கிற அவமானம். கடப்பாரை அதே நிமிடம் இறங்கியிருக்கும். நான் கண்ணீரோடு கேட்ட அந்த ஒற்றை வார்த்தைதான் என்னைக் கொன்றிருக்கும். அதைக் கொடுக்காமல் ஆண்டவர் அம்மாவின் வாயை அடைத்தார். அடைத்த வாயாலேயே என்னைக் காப்பாற்றினார்.

சிலருக்கு இது சங்கடமாக இருக்கும், தெரியும். கருமாதிச் சோற்றை வைத்தா ஆண்டவர் காப்பாற்றுவார் என்று ஒரு சகோதரர் என்னிடமே கேட்டார். ஆமாம் சகோதரரே. அந்த வீட்டில் என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துத்தான் தடுத்தார்.

அம்மா அன்பினால் அப்படிச் செய்தாளா? அவள் என்னைப் பார்த்து, உன் கை நல்லால்ல என்றபோது அந்தக் கண்ணில் அன்பைத் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. இருந்தது என்று எழுதினால் பொய். ஜெபாவிடம் போனில் சொன்னபோது அவர், "ஒங்கம்மா உன்னக் காப்பாத்தல வினோ. மவன ஜெயிலுக்குப் போவாம காப்பாத்துனாங்க" என்றார். இருக்கலாம். கார் கண்ணாடியை ஏற்றிய கை அது. ஆனால் மூஞ்ச மூடு என்று சொன்னது யாருக்காக என்று கேட்டேன். "தெரியல" என்றார்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் தனி அறையில் உட்காரவைத்தார்கள். பயந்து ஓடி வந்த நாட்டுக்கு ஏன் போனாய் என்று கேட்டார்கள். சாகக் கிடக்கிற அம்மாவைப் பார்க்கப் போனேன் என்றேன். பார்த்தாயா என்றார் அதிகாரி. பார்த்தேன், என்னைத் தெரியாது என்றுவிட்டாள் என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். என் காதில் தையலைப் பார்த்தார். நெடுநேரம் கழித்து உள்ளே அனுப்பிவிட்டார். இதைப் படித்துவிட்டு யாரும் டிக்கெட் போட வேண்டாம். உங்கள் வக்கீல் போகாதே என்றால் போகாதீர்கள். நான் தப்பித்தது என் புத்தியினால் இல்லை.

பொங்கலுக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். நான் போகவில்லை. சாந்தி அக்கா குரல் அனுப்பியிருந்தார்:

"கடைசி வரைக்கும் ஒம்பேரச் சொல்லலத்தா. செந்திலக் கூப்ட்டு ஒண்ணே ஒண்ணுதேன் சொன்னாக. அந்தப் படத்த எறக்கப்புடாது. வருசா வருசம் தவறாம மால போடணும். என் தல மேல அடிச்சு சத்தியம் பண்ணுன்னாக. பண்ணிட்டான்."

கேட்டுவிட்டு மறுபடி அதே பாத்ரூம் தரையில் உட்கார்ந்தேன். ஆனால் இந்த முறை வேலைக்குப் போனேன்.

எனக்குள் மாறியது என்ன என்று கேட்டால், முன்பு அந்த வீடியோவை அந்த அதிகாரிக்குத் தவிர யாருக்கும் காட்டியதில்லை, கூசும். இப்போது அடைக்கலம் கேட்டு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்கப் போகிறேன். பேச வாய் வராமல் நடுங்குகிறவர்களிடம் போனை நீட்டி, இதோ பார், என் கருமாதி, காக்கா தின்கிறது பார் என்கிறேன். சிரித்துவிடுகிறார்கள். பிறகு பேசுகிறார்கள். அண்ணனுக்காக ஜெபிக்கிறேன். முன்பு அவன் பெயரை எடுத்தாலே பல்லைக் கடிப்பேன். இப்போதும் கடிக்கிறேன். கடித்துக்கொண்டே ஜெபிக்கிறேன்.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். அன்றுதான் அந்த வீட்டில் என் நினைவு நாள். காலையில் சாந்தி அக்கா ஒரு போட்டோ அனுப்பினார், தலைப்பு எதுவும் இல்லாமல். சுவரில் நான். பிளாஸ்டிக் மாலை இல்லை, புதுச் சாமந்தி மாலை. போடுகிற கை மட்டும் தெரிகிறது. என் அண்ணன் கை. வருடா வருடம் அந்த மாலை அங்கே விழுகிற வரைக்கும் அந்தக் கை என்மேல் விழாது. அதைப் பார்த்துக்கொண்டே நானும் ஜெபாவும் கேக் வெட்டினோம். ஸ்தோத்திரம் சொன்னோம்.

ஆகையால் என் அருமையானவர்களே, கேளுங்கள். பயப்படாமல், அழுது, சண்டை போட்டுக் கேளுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார். ஆனால் பதில் எந்த வாயிலிருந்து, என்ன வார்த்தையாக வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். போவதற்கு ஜெபிக்கும்போது, திரும்பி வருவதற்கும் சேர்த்து ஜெபித்துவிடுங்கள்.